மஞ்சள் கோட்டு தொங்கிய நாற்காலி

"மேல யாரு?" என்று எங்கள் அலுவலகத்தில் யாராவது குரல் கொடுத்தால், புதிதாக வந்தவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். கூரைக்கு மேலே தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் கிடையாது. படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம்.

மேலே என்று நாங்கள் சொன்னது ஒரு கம்ப்யூட்டரை. வாடகைக்கு எடுத்த கிளவுட் மெஷின். அது எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் லேப்டாப்பிலிருந்து இணைந்தால் அதன் திரை அப்படியே எங்கள் திரையில் விரியும். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே வேலை செய்யலாம். வல்லம் வடகாலில் கார் சீட்டுக்கான இரும்புச் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தத் தொழிற்சாலை தன் சர்வருக்குள் அந்த ஒரு மெஷினை மட்டும்தான் அனுமதித்திருந்தது. அங்கே எட்டிப் பார்க்க வேண்டுமென்றாலும், ஒரு மெயில் அனுப்ப வேண்டுமென்றாலும் மேலே ஏறித்தான் போக வேண்டும்.

நாங்கள் நான்கு டெவலப்பர்கள். மெஷின் ஒன்று, யூசர் பெயர் ஒன்று, பாஸ்வேர்ட் ஒன்று. ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நுழைந்தால் முதல் ஆள் வெளியே தள்ளப்படுவார். அவர் திறந்து வைத்தவை அப்படியே இருக்கும், ஓட விட்ட வேலையும் ஓடிக்கொண்டிருக்கும். ஆள் மட்டும் மாறிவிடுவார். இன்னொரு மெஷின் வேண்டும், தனித்தனி லாகினாவது வேண்டும் என்று சென்னையில் இருந்த மேனேஜரிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா, நாமெல்லாம் ஒரே ஃபேமிலிதானே" என்பார். எந்தக் குடும்பத்தில் நான்கு பேர் ஒரே டூத் பிரஷில் பல் விளக்குகிறார்கள் என்று கேட்க வாய் வரை வரும். டீம் லீட் என்று ஒரு பட்டம் வேறு கொடுத்திருந்தார்களே, அதனால் விழுங்கிவிடுவேன்.

அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள நாங்கள் கண்டுபிடித்ததுதான் மஞ்சள் கோட்டு. தொழிற்சாலைக்குள் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிற, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்த கையில்லாத கோட்டு. எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யாருடைய நாற்காலியின் முதுகில் தொங்குகிறதோ, அவர்தான் மேலே இருக்கிறார் என்று அர்த்தம். தொங்கினால் தொடக்கூடாது, தொங்காவிட்டால் தாராளமாகப் போகலாம். இந்த ஏற்பாடு வந்த பிறகு சண்டையே இல்லை. இதைக் கண்டுபிடித்தவள் நான் என்று கொஞ்சம் பெருமையடித்தும் இருக்கிறேன். அதே கோட்டு இல்லாமல் தொழிற்சாலை கேட்டில் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

நான்கு பேரில் ஒரு பெண் அப்போது கல்யாண விடுப்பில் இருந்தாள். மிச்சம் என்னோடு இரண்டு பேர். ஒருவன் படப்பைக்காரன். சொந்த ஊரிலேயே வேலை, பர்மனென்ட் ஆள், வாய் ஓயாது. இன்னொருவன் தென்காசிக்காரன். வல்லக்கோட்டையில் கோயிலுக்குப் பக்கத்தில் ஊர்க்காரப் பையன்கள் சிலரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். காண்ட்ராக்டில் வந்தவன். அந்த மாதக் கடைசியில் அவனை நிரந்தரமாக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன். அவனுக்கும் அது தெரியும். ஒரு வாரமாகத் தேவைக்கு மேல் சிரித்துக்கொண்டே திரிந்தான்.

அன்று அந்தத் தொழிற்சாலையில் பழைய மென்பொருளிலிருந்து எங்களுடைய புதியதற்கு மாறும் நாள். ஒவ்வொரு சீட் சட்டத்திலும் ஒரு லேபிள் ஒட்டுவார்கள். லேபிளில் ஓர் எண் இருக்கும். ஓர் எண் ஒரு சட்டத்துக்குத்தான். அந்த எண்களைப் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு நகர்த்துவதுதான் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு உற்பத்தி லைன் நிற்கும்போது நகர்த்த ஆரம்பித்துவிட்டால், லைன் திரும்ப ஓடும்போது பாதிக்கு மேல் முடிந்திருக்கும், மிச்சம் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும். தென்காசிக்காரன் எழுதிய திட்டம் அது. கோட்டைத் தன் நாற்காலியில் மாட்டிக்கொண்டு மேலே ஏறி அதை ஓட விட்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கறுப்பு ஜன்னலில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சென்னையிலிருந்து ஃபோன் வந்தது. நான் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குள் தொழிற்சாலை சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். லேபிள் பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது, நேரில் வந்து பார் என்று. வேலைதான் தானாக ஓடிக்கொண்டிருக்கிறதே என்று இவன் லேப்டாப்பை மூடி இழுப்பறையில் வைத்தான் (தொழிற்சாலைக்குள் லேப்டாப்பை விடமாட்டார்கள்), கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான், பைக்கை எடுத்தான். கிளம்பும் முன் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில், வேலை ஓடுகிறது, யாரும் மேலே போக வேண்டாம் என்று ஒரு செய்தியும் போட்டான். அந்தக் குரூப்பில் மேனேஜர் விடிந்ததும் பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் போடுவார். அதனால் நாங்கள் எல்லோரும் அதன் வாயைக் கட்டி வைத்திருந்தோம். ஒருவர் ஃபோனும் சத்தம் போடவில்லை.

சாப்பிடப் போயிருந்த படப்பைக்காரன் திரும்பி வந்தான். மூன்று நாற்காலியையும் பார்த்தான். கோட்டு இல்லை. மேலே ஏறினான்.

நான் பேசி முடித்துக் கதவைத் திறக்கவும் என் ஃபோன் அடிக்கவும் சரியாக இருந்தது. தென்காசிக்காரன். பின்னால் இரும்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"அக்கா, லைன் நின்னுட்டுக்கா. லேபிள் வெள்ளையா வருது, நம்பரே இல்ல. மேல யாருக்கா இருக்கா?"

நான் திரும்பிப் பார்த்தேன். படப்பைக்காரன் லேப்டாப்பில் மூழ்கியிருந்தான். அவன் நாற்காலியின் முதுகு வெறுமையாக இருந்தது.

"நீ மேல என்னடா பண்ணே?"

"இன்னாக்கா? ஒண்ணும் பண்லியே. மெஷின் ஆமை மாறி போய்கினு இருந்திச்சி. ரீஸ்டார்ட் பண்ணேன். இப்ப சூப்பரா கீது."

"ஏதோ ஓடிட்டு இருந்ததே, பாக்கலையா?"

"கறுப்பா ஒரு ஜன்னல் இருந்திச்சி. அந்தப் பொண்ணு லீவுல போறப்ப மூடாம வுட்டுட்டுப் போச்சின்னு நெனச்சேன். எப்பவும் அது அப்டித்தானே வுட்டுட்டுப் போவும்?" சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "கோட்டு இல்லக்கா. நானு பாத்துட்டுதான் போனேன். சத்தியமா கோட்டு இல்ல."

கோட்டு இல்லைதான். அது வல்லம் வடகாலில், நின்றுபோன லைனுக்கு நடுவே, தென்காசிக்காரன் உடம்பில் இருந்தது. அவனைச் சுற்றிக் கூடியவர்களுக்கு, திட்டுவதற்கு ஆள் யாரென்று தூரத்திலிருந்தே அடையாளம் காட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. இரண்டு பேரும் எங்கள் விதியைத் துளியும் மீறவில்லை. வந்த கோபத்தை எல்லாம் சேர்த்து மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அது உருண்டு கீழே விழுந்தது.

நகர்த்தல் நடுவில் அறுந்திருந்தது. எண்களில் பாதி புது இடத்தில், மிச்சம் பழைய இடத்தில். வந்து சேர்ந்தவை தீர்ந்ததும் லேபிள் வெள்ளையாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். எங்கே விட்டோம் என்று காட்டுகிற ஜன்னலோ ரீஸ்டார்ட்டில் போய்விட்டது. குத்துமதிப்பாகத் தொடரலாம் என்றால், ஒரே எண்ணில் இரண்டு சட்டங்கள் போய்விடும். லைன் நிற்பதாவது இன்றைக்குத் தலைவலி. ஒரே எண்ணில் இரண்டு சீட் கார்களுக்குள் ஏறிவிட்டால் எந்தக் காரைத் தேடிப் பிடிப்பது? தொழிற்சாலை வாசலில் சட்டங்களுக்காக லாரி காத்திருந்தது.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். தென்காசிக்காரனின் குரல் கம்மியிருந்தாலும் தடுமாறவில்லை.

"அக்கா, வெள்ளையா வர்றதுக்கு முன்னால கொஞ்சம் லேபிள் நல்லா வந்துருக்கு. கடைசியா நல்லா வந்தது எதுன்னு பாத்தா, அதுக்கு அடுத்ததுல இருந்து தொடங்கிரலாம். அது ஒட்டுன சட்டத்த நான் தேடுதேன். ஃபோன்ல இருக்கீங்கல்லா? வச்சிடாதீங்க."

படம் எடுத்து அனுப்பு என்று சொல்ல முடியாது. கேட்டிலேயே ஃபோன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். அவன் ஒவ்வொரு தள்ளுவண்டியாகக் குனிந்து பார்ப்பது மூச்சில் தெரிந்தது. பின்னால் ஒருவர் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார். யார் செய்தது, யார் செய்தது என்பதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. தொழிற்சாலையின் மேனேஜர். இவன் தேடிக்கொண்டே இருந்தான்.

"நகரு, நான் உக்காந்து அடிக்கிறேன்" என்றேன் படப்பைக்காரனிடம்.

"இல்லக்கா. நானே அடிக்கிறேன்." முகம் வெளுத்திருந்தது. நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டான்.

"கெடச்சிட்டுக்கா! வாசிக்கேன், எழுதிக்கிடுங்க."

ஒவ்வோர் எண்ணாக அவன் வாசித்தான். நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். படப்பைக்காரன் அடித்தான். ஒரு தடவை இரண்டு விசைகள் சேர்ந்தே விழுந்துவிட்டன. அழித்துவிட்டு, முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். தென்காசிக்காரன் சலித்துக்கொள்ளாமல் வாசித்தான். என்டர் தட்டும் முன் படப்பைக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தட்டு என்று தலையாட்டினேன். எண்கள் ஓடத் தொடங்கின. பிறகு ஃபோனில் பிரிண்டர் கிர்ரென்று இழுக்கும் சத்தம், அதற்குப் பின்னால் இரும்பு இரும்போடு மோதும் சத்தம். அந்த இரைச்சல் அவ்வளவு இனிமையாக எனக்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

"ஓடுதுக்கா" என்றான். அதோடு ஃபோன் வைக்கப்பட்டது. அவன் வைக்கவில்லை, வாங்கி வைத்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அவனை செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சென்னையிலிருந்து மேனேஜர் அழைத்தார். தொழிற்சாலை ஒரு பெயர் கேட்கிறதாம். இதைச் செய்தது யார், இனி அவன் இந்தப் பக்கம் வரமாட்டான் என்று எழுத்தில் வேண்டுமாம்.

"பாரும்மா, அங்க நின்னவன் பேரையே போட்டுடு. அவங்க பாத்த முகம் அதுதான். காண்ட்ராக்ட் ஆள்தானே, இந்த மாசத்தோட முடிச்சிக்கலாம்."

"சார், ரீஸ்டார்ட் பண்ணது அவன் இல்ல."

"எனக்கும் தெரியுதும்மா. பர்மனென்ட் ஆள் பேரைப் போட்டா கம்பெனி தப்புன்னு ஆயிடும். காண்ட்ராக்ட்னா, ஆளை மாத்திட்டோம்னு சொல்லிக்கலாம். லாகின்ல எல்லாருக்கும் ஒரே பேருதானே? யாருக்குத் தெரியப்போகுது? ஆபீஸ் மூடறதுக்குள்ள மெயில் போயிடணும்."

எத்தனை தடவை தனித்தனி லாகின் கேட்டிருப்பேன்! கொடுக்காத அந்த லாகினே இப்போது அவருக்கு வசதியாகிவிட்டது. எதிர்த்துப் பேசினேன். நீ எழுதாவிட்டால் நானே எழுதிக்கொள்கிறேன், அப்புறம் டீம் லீட் எதற்கு என்றார். இந்த வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலை கேட்டில் பெயர் கெட்டால் பக்கத்துக் கேட்டுக்குச் செய்தி போக ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். நிரந்தரம் ஆகாவிட்டால் அவன் வேறு வேலை தேடலாம். இப்படி ஒரு மெயிலோடு போனால் எங்கே தேடுவான்?

நான் பேசியது முழுவதையும் படப்பைக்காரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவன்மேல் வந்த வெறுப்பை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? நன்றாகவே வந்தது.

மேலே ஏறினேன். மெயிலைத் திறந்தேன். வருந்துகிறோம் என்று எழுதினேன். தவறுக்குக் காரணமானவர் என்று எழுதினேன். தென்காசிக்காரனின் பெயரை அடித்தேன். நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த அதே கையால் அடித்தேன். அனுப்பு பொத்தானில் அம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தவும் மனம் வரவில்லை, அழிக்கவும் துணிவில்லை. எனக்கும் இந்த வேலை வேண்டும். அதுதான் உண்மை.

திரை சட்டென்று மறைந்தது. வேறொருவர் இணைந்ததால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வழக்கமான பெட்டி வந்து நின்றது.

நிமிர்ந்தேன். படப்பைக்காரன் நாற்காலியில் இல்லை. கண்ணாடி அறைக்குள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லேப்டாப்பின் முன்னால் குனிந்திருந்தான்.

திறந்து கிடந்த என் மெயில் இப்போது அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அனுப்பிவிடுவானோ? அனுப்பிவிட்டால் அவனுக்கு நிம்மதி, மேனேஜருக்கு நிம்மதி, அழுத்தியது என் விரல் இல்லை என்று எனக்கும்கூட ஒரு கேவலமான நிம்மதி. இணை என்ற பொத்தானை அழுத்தினால் போதும், அவனை வெளியே தள்ளிவிட்டு நான் உள்ளே போய்விடலாம். விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. கண்ணாடிக்குள் அவன் எழுதுவதும் அழிப்பதும் தோள் அசைவில் தெரிந்தது. ஒரு முறை முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். நான் அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அனுப்ப மட்டும் என்றால் இவ்வளவு நேரம் எதற்கு எடுத்துக்கொள்கிறான் என்று தோன்றியது. அந்த ஒரு நம்பிக்கைதான்.

அவன் வெளியே வந்தான். என்னைப் பார்க்காமலே பேசினான்.

"அனுப்சிட்டேன்க்கா. வூட்டுக்குப் போறேன்."

மேலே ஏறி, அனுப்பிய மெயிலைத் திறந்தேன். நான் எழுதிய வரிகள் அப்படியே இருந்தன. பெயர் மட்டும் மாறியிருந்தது. அதன் கீழே அவனே இரண்டு வரி சேர்த்திருந்தான்: மெஷினை ரீஸ்டார்ட் செய்தவன் நான். நீங்கள் உட்கார வைத்திருக்கிறவர் அந்த நேரத்தில் உங்கள் லைனில்தான் நின்றுகொண்டிருந்தார், அவரை உள்ளே விட்டதும் உங்கள் கேட்தான்.

எவ்வளவு எளிய விஷயம். தென்காசிக்காரன் கையில் லேப்டாப்கூட இல்லாமல் அங்கேயே நின்றிருந்தான், இங்கே எப்படி ரீஸ்டார்ட் செய்திருப்பான்? பெயரை எழுதச் சொன்ன மேனேஜருக்கும் இது தோன்றவில்லை, எழுதிய எனக்கும் தோன்றவில்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் நல்ல வேளையாகப் பலமாக இருந்தது.

மேனேஜர் தாம் தூம் என்று குதித்தார். தொழிற்சாலை குதிக்கவில்லை. எண்ணைத் தேடி எடுத்த அந்த ஆளையே நாளைக்கும் அனுப்புங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படப்பைக்காரனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி அவன் மேலே போகவே கூடாது என்று மேனேஜர் எனக்கு உத்தரவு போட்டார். பாஸ்வேர்டை மாற்று, அவனுக்குச் சொல்லாதே என்றார். மாற்றினேன். எங்கள் வேலையில் மேலே போகாத ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள்தான்; சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இதோடு, இந்தப் பிரச்சினை இனி வராமல் இருக்க ஓர் ஏற்பாடும் செய்திருப்பதாகச் சொன்னார். என்ன ஏற்பாடு என்று கேட்டேன். இன்னொரு மஞ்சள் கோட்டு வாங்கி அனுப்புகிறாராம்.

மறுநாள் காலை படப்பைக்காரன் முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்தான். லேப்டாப்பைத் திறக்காமல் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தான். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேற்று அவனை மனதுக்குள் அப்படித் திட்டிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது?

தென்காசிக்காரன் வந்தான். கோட்டு அவன் தோளில் கிடந்தது. என்னிடம் வந்து நின்றான்.

"பாஸ்வேர்ட் மாத்தியிருக்கீங்களாமே. என்னதுக்கா?"

சொன்னேன். இவனுக்குத் தெரியக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அவன் தலையாட்டிக்கொண்டு நேரே படப்பைக்காரனிடம் போனான். கோட்டைத் தோளிலிருந்து எடுத்து, உதறி, அவன் நாற்காலியின் முதுகில் மாட்டினான். குனிந்து காதில் ஏதோ சொன்னான். என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதை மாற்றியவளே நான்தானே.

படப்பைக்காரன் கோட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, நானு மேல போவக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்களே."

"கோட்டு யாரு சேர்ல தொங்குதோ அவங்கதான் மேல" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச ரூல் அது ஒண்ணுதான். சீக்கிரம் முடிச்சிட்டுக் குடு, எனக்கும் வேலை இருக்கு."